வாயசைக்கிற வீடு

என் மாமனாரின் குரல் வடக்கனந்தல் பக்கத்தில் பேர் போனது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு அவர் ஓர் ஆளைக் கூப்பிட்டால், நாலு கழனி தள்ளி மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் அவர் சாதாரணமாக “சாப்டியாம்மா?” என்று கேட்டதே எனக்குத் திட்டுவதுபோல இருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர் இன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் உதட்டை மட்டும் அசைத்துத்தான் பேசுகிறார். சத்தம் வராது. காரணம், என் தலையில் மாட்டியிருக்கிற ஹெட்செட்.

நான் பார்ப்பது போனில் பேசுகிற வேலை. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள், சண்டை போடுவார்கள், சில பேர் அழுவார்கள். எல்லாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். முன்பு சென்னையில் ஆபீசுக்குப் போய்ப் பார்த்த வேலைதான். கொரோனா சமயத்தில் லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். நடுவில் எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். “வூட்ல குந்திக்கினே சம்பளம், இன்னா குடுத்து வச்சவ!” என்று தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துத் தொலைத்தேன்.

ஒவ்வோர் அழைப்பும் பதிவாகும். அதில் சிலவற்றை எடுத்துக் கேட்டு மார்க் போடுவதற்கென்றே கம்பெனியில் ஒரு கூட்டம் உண்டு. வணக்கம் சொன்னாளா, பொறுமையாகக் கேட்டாளா, கடைசியில் நன்றி சொன்னாளா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இதிலெல்லாம் ஒன்றிரண்டு குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். பின்னணியில் ஏதாவது சத்தம் கேட்டால் மட்டும் அந்த அழைப்புக்கு மொத்தமாக ஜீரோ. நான் தேன் ஒழுகப் பேசியிருந்தாலும் ஜீரோதான். ஜீரோக்கள் சேர்ந்தால் எச்சரிக்கை மெயில் வரும். அதுவும் சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இருக்கிறவளை இன்னும் எந்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுவிடாதீர்கள், நானே கேட்டுக்கொண்டாயிற்று.

வந்த புதிதில் ஒரு மயில் என்னை மாட்டிவிட்டது. எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஒருவரிடம், அவருடைய ஆபரேஷன் செலவை ஏன் ஏற்கவில்லை என்று பக்குவமாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் உட்கார்ந்து அது கத்தியது பாருங்கள், அந்த மனிதர் தன் ஆபரேஷனையே மறந்துவிட்டார். “மேடம், நீங்க ஆபீஸ்ல இருக்கீங்களா, காட்ல இருக்கீங்களா?” என்றார். அந்த அழைப்பு தணிக்கையில் சிக்கிக்கொண்டது. என் டீம் லீடர் என்னைவிட வயதில் சின்னவன், நல்ல பையன். “மேம், ப்ளீஸ், வீட்ல பறவை எதுவும் வளர்க்காதீங்க” என்று கெஞ்சினான். அட கடவுளே, மயிலை யாரப்பா வளர்க்கிறது!

அன்று சாயங்காலம் நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். மாமியார் கிடையாது, நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனாரும் என் வீட்டுக்காரரும்தான். இரண்டு பேரும் விவசாயம் தவிர வேறு வேலை தெரியாதவர்கள்.

“நீ அழுவாதம்மா. நாங்க சத்தம் போடாம இருந்துட்டுப் போறோம். அதுல இன்னா கீது?” என்றார் மாமனார்.

இவர்கள் ஒன்றை வேலை என்று மனதில் போட்டுக்கொண்டால் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். மறுநாளே சேவலை விற்றுவிட்டார். வீட்டை ஒட்டியிருந்த மாட்டுக்கொட்டகையைப் பிரித்துக்கொண்டுபோய்க் கழனியில் மோட்டார் கொட்டகை பக்கத்தில் கட்டினார். நான் உட்காரும் அறையின் சுவர்களை ஒட்டி நெல் மூட்டைகளை உத்தரம் வரை அடுக்கினார். நெல் மூட்டை சத்தத்தை உள்ளே விடாது என்பது அவரே கண்டுபிடித்தது, உண்மையும்கூட. கதவு இடுக்கில் பழைய கம்பளியைச் செருகினார். டி.வி.யை யாரும் போடுவதில்லை, ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு ஒயர். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, ரேடியோ செட் கட்டுகிறவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்திருந்த ஸ்பீக்கர் குழாயை அவராகவே வேறு பக்கம் திருப்பிக் கட்டினார். “மருமவ வேலைல கீதுப்பா” என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அத்தனை பேரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள்.

வாயசைப்பு என் வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பித்தது. கதவை ஒருக்களித்துத் திறந்து ‘டீ வேணுமா?’ என்று உதட்டில் கேட்பார். நான் ஹெட்செட்டைக் கழற்றாமலே ‘வேணும், சக்கர கம்மியா’ என்று உதட்டில் சொல்வேன். போகப் போக நாங்கள் அதில் கைதேர்ந்துவிட்டோம். ‘ஒரு ஃபேஸ் போயிடுச்சி, மோட்டார் எடுக்கல, ஒயர்மேனுக்குப் போன் போட்டா எடுக்க மாட்றான்’ என்கிற அளவுக்கு நீளமாகப் பேசுவோம், ஒரு சொல் தவறாது. என் அறையில் ஆரம்பித்தது கூடத்துக்கு வந்தது, சமையல்கட்டுக்கு வந்தது. வந்து போகிற சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வீட்டில்தான் என் மகள் பிறந்தாள்.

பிரசவ லீவில் இருந்த மாதங்களில் அவள் காதுக்குள் ஓயாமல் பேசினேன். அவளும் ‘ங்கா’ என்று பதில் சொன்னாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் சிணுங்க ஆரம்பித்தாலே மாமனார் ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டு கழனிப் பக்கம் போய்விடுவார். பாவம், அந்த வயதில் அந்த ஓட்டம். நெல் மூட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அழுகை தூரமாகப் போய்த் தேய்வதைக் கேட்டபடி நான் யாரிடமோ “லைன்ல இருங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அழுதால் அம்மாவிடமிருந்து தூரமாகத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டது. அவள் அழுவதை விட்டுவிட்டாள். “தங்கமான புள்ள, வூட்ல இருக்குதான்னே தெரியல” என்று பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தைக் கிள்ளினாள்.

வேலை முடிந்த பிறகு நீ பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கோபத்தைக் காதில் வாங்கி, சிரித்த குரலிலேயே பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்து பாருங்கள். ஹெட்செட்டைக் கழற்றினாலும், அடுத்த அழைப்பு வரும்போது அதில் அடிக்கிற அந்த ‘டிங்’ காதைவிட்டுப் போகாது. பால் குக்கர் கூவினாலும் டிங், தூரத்தில் கரும்பு லாரி ஹார்ன் அடித்தாலும் டிங். சோறு அள்ளிய கை பாதியில் நிற்கும். தொண்டை எரியும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் கடித்துக் குதறத் தோன்றும். அதனால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. உதட்டாலேயே ‘சாப்டியா’ என்பார்கள். தலையாட்டிவிட்டுப் போய்ப் படுப்பேன். குழந்தை வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

அவளுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். “அவங்க அப்பனே லேட்டாதான் பேசினான்” என்றார் மாமனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மூன்று பேருமாகக் குழந்தையைக் கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கொண்டு போனோம். காதுக்கான டெஸ்ட்டெல்லாம் எடுத்தார்கள். காதில் கோளாறு இல்லை, தொண்டையிலும் இல்லை என்று சொல்லி, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பரப்பி வைத்து, ரொம்ப நேரம் பேசாமல் என் மகளையே பார்த்தார். மகள் ஒரு யானையை எடுத்தாள், ஒரு பஸ்ஸை எடுத்தாள், யானையை பஸ்மேல் ஏற்றினாள்.

“பாப்பா பேசறாளே” என்றார் அவர்.

நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

“வாயப் பாருங்க. யானைங்கறா, பஸ்ஸுங்கறா, போலாம் போலாம்ங்கறா. சத்தம்தான் வரல. வீட்டுல வாய் பேச முடியாதவங்க யாராவது இருக்காங்களா?”

மாமனார் சிரித்துவிட்டார். “எங்க வூட்லயா! நான் கூப்ட்டா ஏரி அந்தாண்ட கேக்கும்மா” என்றார். ஆனால் அதைச் சொன்ன குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி ‘இன்னாடி சொல்றாங்க?’ என்று கேட்டார். ‘தெரியல, இருங்க’ என்றேன் நான். அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். கையில் வைத்திருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் பேசியிருக்கிறோம். ஹெட்செட் கிடையாது, லேப்டாப் கிடையாது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு. எங்களுக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். “பேசறதுன்னா இப்படித்தான்னு கத்துக்கிட்டா. கெட்டிக்காரப் புள்ள. குரல எடுத்துப் பேசற வீடா மாத்துங்க. இப்பவே ஆரம்பிங்க, தள்ளிப் போடப் போட கஷ்டம்” என்றார். என் குழந்தைக்குக் குரல் வருமா வராதா என்பது மட்டும்தான் அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு.

மாற்ற வேண்டியது வீட்டை என்றால் முதலில் நான் அந்த அறையிலிருந்து கிளம்ப வேண்டும். கழனியில் மோட்டார் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். போதாததற்கு, என்னால் துரத்தப்பட்ட மாடுகள் எல்லாம் அங்கேதான் நின்றுகொண்டு கத்துகின்றன. வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மரவள்ளி எப்போது விலை போகும் என்று காத்துக் கிடக்கிற வீட்டில் மாதா மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

டீம் லீடரிடம் கேட்டேன். பேச வேண்டாத, டைப் அடித்துப் பதில் சொல்கிற சாட் வேலைக்கு மாற்றிவிடச் சொன்னேன். குழந்தை விஷயத்தையும் சொன்னேன்.

“மேம், சாட்டெல்லாம் மெஷினுக்குக் குடுத்தாச்சு. இனிமே அதுக்கு ஆள் எடுக்க மாட்டாங்க. வாய்ஸ் இருக்கறதே பெருசு. இதுவும் எத்தன நாளைக்குன்னு எனக்கே தெரியல” என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்தது. அவன் சட்டென்று நிறுத்தி, “ஸாரி மேம், ஸாரி” என்று பதறினான். என்னிடம் எதற்கு ஸாரி கேட்கிறான்? நானா அவனுக்கு மார்க் போடுகிறவள்? போனை வைத்த பிறகு அவனை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

மாமனார் அவர் பங்குக்கு ஒன்று செய்து பார்த்தார். ஒரு சாயங்காலம் என் வேலை முடிந்ததும் வாசலில் நின்றுகொண்டு, பழைய குரலை எங்கிருந்தோ இழுத்து, “பாப்பா! வாடா கண்ணு!” என்று கூப்பிட்டார். குழந்தை வெலவெலத்துப் போனாள். ஓடிவந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் வாசலிலேயே நின்றார். “வாணாம்மா. என்னைக் கண்டே பயப்படுது” என்றார். அதற்குப் பிறகு அவர் கழனியில்கூட யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. ஆள் வேண்டுமென்றால் நடந்து போய்த் தோளைத் தொடுகிறார்.

பேச்சுப் பயிற்சி அம்மா, சில நாள் வேலை இல்லாமல் குழந்தையோடு இருந்து பேசிப் பாருங்கள் என்றார். சேர்த்து வைத்திருந்த லீவை எடுத்தேன். அதில் ஒரு நாள் வீட்டுக்காரர், “மலைக்குப் போய்ட்டு வரலாம் வா, அங்க போன் எடுக்காது, நீயும் நிம்மதியா இருப்ப” என்றார். வண்டியில் நடுவில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு கல்வராயன் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு போனில் சிக்னல் குறைந்துகொண்டே வந்தது. நிம்மதி வந்ததா? எங்கே! என்னைத் தேடுகிறார்களோ, மெயில் வந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வெள்ளிமலை போவதற்குள் போனை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த சமயம், அருவியில் நல்ல தண்ணீர். கிட்டே போகப் போக இரைச்சல். காதுக்குள் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. குளிக்க வந்திருந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

என் மகள் சுற்றிலும் பார்த்தாள். அப்படி அவள் முகம் மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பேச ஆரம்பித்தாள். தண்ணி, தண்ணி மேல இருந்து வருது, தாத்தா வரல, அந்த அக்கா சொக்கா நனஞ்சிடுச்சி, எனக்கும் சொக்கா கழட்டு, குளிரும், குளிராது. உதடு ஓயவே இல்லை. நாங்களும் பதில் சொன்னோம். அவள் கேள்வி கேட்டாள், நாங்கள் சொன்னோம், அவள் சிரித்தாள். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனாள். அவள் கண்ணுக்கு நாங்கள் வாயாடிக் குடும்பம்.

என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. யார் காதிலும் எதுவும் விழாத இடத்தில்தான் எங்கள் குழந்தை மற்ற குழந்தைகளைப்போல இருக்கிறாள். அங்கேயே குடியிருக்க முடியுமா? பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டோம். அடிவாரத்துக்கு வந்ததும் போனுக்கு உயிர் வந்து வரிசையாகக் கூவியது. குழந்தை உடனே வாயை மூடிக்கொண்டு என் மார்பில் சாய்ந்தாள்.

லீவின் கடைசி நாள். வீட்டுக்காரரும் மாமனாரும் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தார்கள். நானும் குழந்தையும்தான். நான் வேலை பார்க்கிற அந்த அறைக்குள் சில நாளாக யாரும் போகாததால் கதவு சாத்தியே கிடந்தது. சமையல்கட்டுத் தரையில் அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, பயிற்சி அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிச் சத்தமாகச் சொன்னேன். இது கத்திரிக்காய். இது தட்டு. இது தண்ணி. அவள் என் வாயைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். நான் குரலை உயர்த்தினேன். மறுபடியும் கதவைப் பார்த்தாள். அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

“அம்மா சொல்லு கண்ணு. அம்மா. சத்தமா சொல்லு, அம்மா!”

அவள் எழுந்து வந்து என் மடியில் ஏறினாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். சின்ன உள்ளங்கையை என் வாயின்மேல் வைத்துப் பொத்தினாள். இன்னொரு கையால் சாத்தியிருந்த கதவைக் காட்டினாள். ‘கத்தாத,’ என்றது அவள் உதடு. ‘அம்மா உள்ள வேலைல இருக்குது.’

“நான்தான்டி அம்மா” என்றேன், அவள் கைக்குள்ளேயே.

அவள் இன்னும் அழுத்தி மூடினாள்.